வால்மிங்டனும் தேவ்லாலியும்

பழைய ஆங்கிலச் சிரிப்புத் தொடர்களில் எது சிறந்தது என்று நம் குடியிருப்பில் நாலு பேர் உட்கார்ந்து பேசினால், மூன்று பேர் 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்பார்கள். நாலாமவர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரியாக இருப்பார். 'யெஸ் மினிஸ்டர்' என்பார். இரண்டையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபால்ட்டி டவர்ஸ் மொத்தமே 12 பகுதிகள்தான். ஒவ்வொன்றும் கடிகாரம் மாதிரி ஓடும். இரண்டு பகுதிகளைத் தொடர்ந்து பார்த்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது. அந்த ஓட்டல்காரர் மேல் பரிதாபம்கூட வராது. யெஸ் மினிஸ்டரோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் முக்கால்வாசி கிடைத்துவிடும். அதை வானொலியிலும் போட்டார்கள், நன்றாகவே இருந்தது.

என் ஓட்டு 'டாட்ஸ் ஆர்மி'க்கு, அதாவது 'அப்பாமார் பட்டாளம்'. இதை எழுதியவர்கள் ஜிம்மி பெர்ரி, டேவிட் குரோஃப்ட் என்ற இருவர். அதே இருவர் நம் நாட்டைக் களமாக வைத்து இன்னொரு தொடரும் எழுதினார்கள். முதல் தொடரை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். இரண்டாவதை இப்போதெல்லாம் பாதியில் நிறுத்திவிடுகிறேன். கைகள் அதே கைகள், நினைவுகளும் அவர்கள் சொந்த நினைவுகள். பிறகு ஏன் இப்படி? அதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன். முதலில் வரலாறு.

1940 மே மாதம். ஜெர்மன் படை ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ் என்று பாய்ந்து வருகிறது. மே 14 இரவு ஒன்பது மணிச் செய்திக்குப் பிறகு, போர்த்துறை அமைச்சர் ஆண்டனி ஈடன் வானொலியில் பேசினார். 17 முதல் 65 வயது வரை உள்ள, படையில் சேராத ஆண்கள் உள்ளூரைக் காக்கப் பெயர் கொடுக்கலாம் என்றார். ஒரே நாளில் சுமார் இரண்டரை லட்சம் பேர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வரிசையில் நின்றார்கள். கொடுக்கத் துப்பாக்கி இல்லை, யூனிபாரம் இல்லை. கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டைதான் கிடைத்தது. முதல் பெயர் உள்ளூர்க் காவல் தொண்டர்கள். ஜூலையில் சர்ச்சில் அதை 'ஹோம் கார்டு' என்று மாற்றினார். உச்சத்தில் 17 லட்சம் பேர் இருந்தார்கள். ஒரு கட்டத்தில் இரும்புக் குழாய் முனையில் பயனெட்டைப் பற்றவைத்து ஈட்டியாக ஆயிரக்கணக்கில் தயாரித்தார்கள். வாங்கியவர்கள் அவமானமாக உணர்ந்தார்கள் என்று வரலாற்றில் இருக்கிறது. 1944 டிசம்பரில் பட்டாளத்தைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பகலில் வேலை பார்த்து, இரவில் கடற்கரையையும் ரயில் பாலத்தையும் காவல் காத்த மனிதர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பணியில் உயிர் விட்டார்கள்.

ஜிம்மி பெர்ரி அதில் சேர்ந்தபோது பள்ளிப் பருவத்தைத் தாண்டாத பையன். மகனுக்கு இரவுக் காவலில் சளி பிடித்துவிடுமே என்று அவர் அம்மாவுக்குக் கவலை. தொடரில் வரும் பைக் என்ற இளைஞன் கழுத்தில் எப்போதும் ஒரு மஃப்ளர் இருக்குமே, அது அங்கிருந்து வந்தது. பெர்ரியின் குழுவில், 1898இல் சூடானில் கிச்சனர் தலைமையில் போரிட்ட ஒரு கிழவர் லான்ஸ் கார்ப்பரலாக இருந்தார். எதற்கெடுத்தாலும் அந்தப் பழைய போர்க் கதைதான். அவர்தான் கசாப்புக் கடைக்காரர் ஜோன்ஸ் ஆனார்.

1967இல் பெர்ரி நாற்பது தாண்டிய, பெரிதாகப் பெயர் வராத நடிகர். ஒரு தொடரில் சின்ன வேடம் கொடுத்த குரோஃப்டிடம் தன் கதையை நீட்டினார். அதில் கள்ளச் சந்தை வாக்கர் வேடத்தைத் தனக்கென்று நினைத்துத்தான் எழுதியிருந்தார். அது மட்டும் கிடைக்கவில்லை. பிபிசி மேலிடத்தில் தயக்கம் இருந்தது. போர் முடிந்து இருபது வருடம்தான் ஆகிறது, நாட்டின் பெருமைமிகு நாட்களைக் கிண்டல் செய்வதா என்று கேட்டார்கள். அதனால் முதல் பகுதியின் தொடக்கத்தில், 1968இல் நடக்கும் விருந்து ஒன்றில் அதே ஆட்கள் வயதாகி மரியாதையுடன் உட்கார்ந்திருப்பதாக ஒரு காட்சியைச் சேர்த்தார்கள். திட்டுவதற்கு முன்னால் ஒரு கும்பிடு. 1968 ஜூலை 31 அன்று முதல் பகுதி வந்தது. 1977 நவம்பர் வரை 80 பகுதிகள். நல்ல காலத்தில் 1.8 கோடிப் பேர் வரை பார்த்தார்கள்.

கதை இவ்வளவுதான். வால்மிங்டன் என்ற கற்பனைக் கடலோர ஊர். அங்கே வங்கி மேனேஜர் மேன்னரிங். பெயர் ஒருவிதமாக எழுதி வேறுவிதமாக உச்சரிக்கும் பெயர். அதிலேயே ஒரு வர்க்கச் சிரிப்பு இருக்கிறது. ஈடன் பேச்சைக் கேட்டதும் தன்னைத்தானே தளபதி ஆக்கிக்கொள்கிறார். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. வங்கியில் அவருக்குக் கீழே வேலை செய்யும் வில்சன் சார்ஜென்ட். ஆனால் வில்சன் பெரிய இடத்துப் பிள்ளை, நல்ல பள்ளியில் படித்தவர், நிற்பதிலேயே ஓர் அலட்சிய அழகு உள்ளவர். மேன்னரிங் கஷ்டப்பட்டு மேலே வந்தவர். அணிவகுப்பில் வில்சன் கட்டளையை ஏதோ தேநீருக்கு அழைப்பதுபோல மென்மையாகச் சொல்வார். மேன்னரிங் முகம் சுருங்கும். ஒரு பகுதியில் வில்சனுக்குக் குடும்ப வழியில் ஒரு பட்டம் வந்து சேர்கிறது. தன்னைச் சேர்த்துக்கொள்ளாத கோல்ஃப் கிளப் அவரை வரவேற்கிறது. அதைக் கேட்டதும் ஆர்தர் லோ முகத்தில் ஓடும் அந்தச் சில நொடிகளுக்காகவே அதைத் திரும்பப் பார்க்கலாம்.

நம் சங்கப் பொதுக்குழுவில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் தொடர் இரட்டிப்பாகப் பிடிக்கும். எதிரி வரவே மாட்டான். சண்டை எல்லாம் சர்ச் ஹாலை யார் எந்தக் கிழமை பயன்படுத்துவது என்பதில்தான். பட்டாளத்துக்கு ஒரு நாள், வான்தாக்குதல் வார்டனுக்கு ஒரு நாள், நடுவில் பாதிரியார், அவருக்குப் பின்னால் எதையும் ஒட்டுக்கேட்கும் கோயில்பிள்ளை. வார்டன் ஹாட்ஜஸ் ஊரில் காய்கறிக் கடைக்காரர். ஒரு ஹெல்மெட் கிடைத்ததும் விளக்கை அணை, விளக்கை அணை என்று தெருவெல்லாம் கத்துவார். பார்க்கிங் ஸ்டிக்கர் விஷயத்தில் எனக்கு அவர் ஞாபகம் வந்ததை இங்கே எழுத வேண்டாம் என்று ஆசிரியர் குழு சொல்லிவிட்டது.

இவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் சிரிப்பு யாரையும் அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போவதில்லை. மேன்னரிங் அற்பமானவர், ஆனால் கோழை இல்லை. ஆபத்து என்றால் முதலில் நடப்பவர் அவர்தான். அவர் மனைவி எலிசபெத்தை நாம் ஒருமுறைகூட முகம் பார்த்ததில்லை. ஒரு பகுதியில் பாதுகாப்பு அறையின் மேல்தட்டுப் படுக்கை அவர் பாரத்தில் தொங்குவதை மட்டும் காட்டுவார்கள். அது சிரிப்பு. 1970இல் வந்த வேறொரு பகுதியில், பட்டாளத்துக்கு உதவ வரும் திருமதி கிரே என்ற பெண்ணோடு மேன்னரிங் காபிக் கடையில் பேசத் தொடங்குகிறார். அவ்வளவுதான், பேச்சு. ஊர் முணுமுணுக்க, அந்தப் பெண் லண்டனுக்குக் கிளம்புகிறார். ரயில் நிலையத்தில் போகாதே என்று அந்த மனிதர் கெஞ்சும்போது, அந்த வீட்டுத் தட்டுப் படுக்கைச் சிரிப்பின் மறுபக்கம் தெரிகிறது. சிரிப்புத் தொடர் என்று உட்கார்ந்தவர்கள் அந்த இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் குடிக்கப் போவார்கள்.

எல்லாவற்றையும் விட என்னை அசைத்தது காட்ஃப்ரி. வயதானவர், சாது. இரண்டு சகோதரிகளோடு சின்ன வீட்டில் வாழ்பவர். எங்கே போனாலும் கொஞ்சம் கழிப்பறைக்குப் போய்வர அனுமதி கேட்பவர். 1969இல் வந்த ஒரு பகுதியில், முதல் உலகப் போரில் தான் மனசாட்சிக்கு விரோதம் என்று ஆயுதம் ஏந்த மறுத்தவன் என்ற உண்மையை அவர் மேன்னரிங்கிடம் சொல்கிறார். குழு முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கூடவே டீ குடித்தவர்கள் அவர் பக்கத்தில் நிற்க மறுக்கிறார்கள். பிறகு ஒரு பயிற்சியில், புகை சூழ்ந்த குடிலுக்குள் மேன்னரிங் மூச்சுத் திணறி விழ, அவரை வெளியே இழுத்து வருகிறவர் காட்ஃப்ரிதான். உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும் அவரைப் பார்க்கப் போகிறார்கள். கட்டிலுக்கு மேலே ஒரு படம். அதில் இளம் காட்ஃப்ரி நெஞ்சில் மிலிட்டரி மெடல். ஆயுதம் எடுக்க மாட்டேன் என்றவர், காயம்பட்டவர்களைத் தூக்கும் வேலைக்குத் தானே முன்வந்து, சோம் போர்க்களத்தில் குண்டுமழைக்கு நடுவே உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார். இதை அவர் சொல்வதுகூட இல்லை, சகோதரி சொல்கிறார்.

அந்த வேடத்தில் நடித்த ஆர்னால்ட் ரிட்லிக்கு அப்போது 73 வயது. அவர் நிஜமாகவே சோம் போரில் இருந்தவர். துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடி, பயனெட்டால் காயம். இடது கை வாழ்நாள் முழுக்க சரியாக உதவவில்லை, அடிக்கடி மயக்கம் வரும். 1920களில் 'தி கோஸ்ட் டிரெய்ன்' என்ற நாடகம் எழுதிப் புகழ்பெற்றார். 1940இல் மறுபடியும் படையோடு பிரான்ஸ் போய் வந்தார். அவர் மட்டுமல்ல. ஃபிரேசராக வரும் ஜான் லாரி முதல் போரில் இருந்தவர், இரண்டாவதில் நிஜ ஹோம் கார்டு. ஜோன்ஸாக வரும் கிளைவ் டன் கிரேக்கத்தில் பிடிபட்டு நாலு வருடம் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர். வில்சனாக வரும் ஜான் லெ மெஷுரியர் டாங்கிப் படையில் இந்தியாவுக்கு வந்தவர். தாங்கள் எதைக் கிண்டல் செய்கிறோம் என்பது இந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி தேவ்லாலி. நாசிக்குக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் பிரிட்டிஷ் படையின் பெரிய இடைத்தங்கல் முகாம் இருந்தது. ஊருக்குக் கப்பல் கிடைக்கும்வரை சிப்பாய்கள் அங்கே மாதக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். வெயில், சலிப்பு, காய்ச்சல். புத்தி தடுமாறியவனை ஆங்கிலத்தில் 'டூலாலி' என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அது இந்த ஊர்ப் பெயரின் திரிபுதான். வால்மிங்டனை எழுதிய இருவரும் பீரங்கிப் படையில் இந்தியாவில் இருந்தவர்கள். பெர்ரி இந்தத் தேவ்லாலியிலேயே சிப்பாய்களுக்குப் பாட்டு நாடகம் போடும் குழுவை நடத்தியவர். அந்த நினைவில் பிறந்ததுதான் 'இட் ஐன்ட் ஹாஃப் ஹாட் மம்'. வெயில் தாங்கலையே அம்மா என்று பையன் வீட்டுக்கு எழுதும் தொனி. 1974 முதல் 1981 வரை 56 பகுதிகள் வந்தன. எல்லாம் இங்கிலாந்திலேயே எடுத்தது; இந்தியாவுக்குக் கேமரா வரவே இல்லை.

கதை நடப்பது 1945இல். நாடகக் குழுப் பையன்களைப் போர்முனைக்கு அனுப்பத் துடிக்கும் வெல்ஷ் சார்ஜென்ட் மேஜர் ஒருவர், மூளை குறைந்த இரண்டு அதிகாரிகள். இந்தியர் பக்கம் மூன்று பேர். டீ விற்கும் முகமது, வாசலில் உட்கார்ந்து பங்காக் கயிற்றை இழுக்கும் ரம்ஜான், இவர்களுக்கெல்லாம் மேலாள்போல நடக்கும் பணியாளர் ரங்கி ராம். முகமதுவாக நடித்தவர் டாக்காவில் பிறந்த டினோ ஷஃபீக். 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரில் அலி நதீமாக அவரை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதே வகுப்பில் ரஞ்சித் சிங்காக வந்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கை கம்பளையில் பிறந்தவர். ரங்கி ராமாக நடித்தவர் மட்டும் வெள்ளைக்காரர். மைக்கேல் பேட்ஸ் முகத்தில் கருஞ்சாயம் பூசிக்கொண்டு நடித்தார்.

நான் முதலில் பார்த்தபோது இதெல்லாம் தோன்றவில்லை, விழுந்து விழுந்து சிரித்தேன். ரங்கி ராம் தன்னையும் ஆங்கிலேயனாகச் சேர்த்துக்கொண்டு, 'நாம் பிரிட்டிஷ்காரர்கள்' என்ற பாவனையில் பேசுவார். அந்த மாதிரி ஆட்கள் நம் தாத்தா காலத்தில் இருந்தார்கள், பொய் இல்லை. பேட்ஸும் அந்நியர் இல்லை. ஜான்சியில் பிறந்தவர், பர்மாவில் கூர்க்கா படை அதிகாரியாக இருந்தவர், நம் மொழி பேசுபவர். தகுந்த இந்திய நகைச்சுவை நடிகர் அன்று கிடைக்கவில்லை என்று எழுதியவர்கள் பின்னால் சொன்னார்கள். இதை நான் ஏற்கவில்லை. சயீத் ஜாஃப்ரி அப்போது லண்டனில்தான் இருந்தார்; 1975இல் ஷான் கானரி, மைக்கேல் கெய்னோடு பெரிய படத்திலேயே வந்துவிட்டார். தேடவில்லை என்பதுதான் விஷயம். சாயம் பூசுவது அன்றைய பிரிட்டிஷ் டிவியில் சாதாரண வழக்கம், கேட்க ஆள் இல்லை.

ஆனாலும் எனக்குச் சாயம் இரண்டாவது குறைதான். காட்ஃப்ரிக்குக் கிடைத்த அந்த ஒரு பகுதி இந்த மூவரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை என்பதே முதல் குறை. பங்கா இழுக்கும் ரம்ஜான் கெட்டிக்காரர். ஹிந்துஸ்தானியில் முனகிக்கொண்டே வந்து கடைசியில் சுருக்கென்று ஆங்கிலத்தில் ஒன்று சொல்வார். முகாமிலேயே நடப்பது புரிந்த ஆள் அவர்தான். ஆனால் இரவு அவர் எங்கே போகிறார்? வீட்டில் யார்? காலணா கூலியை யாருக்குக் கொடுக்கிறார்? எட்டு வருடத்தில் கேமரா அவர் பின்னால் நடந்து போகவே இல்லை. வால்மிங்டனில் கசாப்புக் கடையின் பின்கட்டு வரை நமக்குத் தெரியும். தேவ்லாலியில் பாரக்ஸ் ஜன்னலிலிருந்து தெரியும் இந்தியா மட்டும்தான் தெரியும். வெளியே போ என்று வெள்ளையருக்கு எதிரான குரல் தொடரிலும் கேட்கிறது; ஆனால் அது சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தமாக, சிரிப்புக்கு ஒரு சாக்காக வந்து போகிறது.

எழுதியவர்களை வெறுப்பாளர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பார்த்ததை எழுதினார்கள். இருபது வயது சிப்பாய்க்கு முகாமில் எது கண்ணில் படுமோ அது வந்திருக்கிறது. அந்தப் பையன்களின் பயமும் வீட்டு ஏக்கமும் தொடரில் அசலாக இருக்கின்றன. ஐம்பது வயதில் எழுத உட்கார்ந்தபோது அந்தச் சிப்பாயைத் தாண்டிப் பார்த்திருக்கலாம். காட்ஃப்ரியை எழுதியவர்களுக்கு அது முடியாத காரியம் இல்லை. 2016இல் இறந்த பெர்ரி, தாங்கள் எழுதியதிலேயே அதிகம் சிரிக்கவைத்தது இதுதான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிபிசி இதை மறு ஒளிபரப்புச் செய்வதில்லை என்பதில் அவருக்கு வருத்தம். டாட்ஸ் ஆர்மியோ இன்னும் சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் தேவ்லாலித் தொடரை அழித்துவிடலாமா? கூடாது என்பது என் கட்சி. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அன்றைக்கு வீடியோ டேப் விலை அதிகம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி போட முடியாது. அதனால் ஒளிபரப்பி முடிந்த டேப்பைத் துடைத்து, மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்வார்கள். டாட்ஸ் ஆர்மியின் கறுப்பு வெள்ளைக் காலத்து இரண்டாம் தொகுப்பு இப்படித்தான் பெரும்பாலும் போனது. அதில் இரண்டு பகுதிகள் 2001இல் பழைய ஃபிலிம் சுருளாகத் திரும்பக் கிடைத்தன. மூன்று இன்னும் இல்லை. 2019இல் வேறு நடிகர்களை வைத்து அந்த மூன்றையும் புதிதாக எடுத்துப் பார்த்தார்கள். மேன்னரிங்காக கெவின் மெக்னலி நன்றாகத்தான் செய்தார். ஆனாலும் அது வேறு. துடைத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. இதை யார் மறுபடி கேட்கப் போகிறார்கள் என்று நினைத்த அலுவலக ஆட்கள். தேவ்லாலித் தொடர் இன்னும் இருக்கிறது, டிவிடியாகவும் வந்தது. இருக்கட்டும். பேத்திக்குப் போட்டுக் காட்டுவேனா என்றால், நானும் கூடவே உட்கார்ந்தால் காட்டுவேன்.

ஒன்றை மட்டும் அந்தத் தொடரில் நான் இன்னும் தவறாமல் பார்க்கிறேன். ஒவ்வொரு பகுதியும் முடிந்து பெயர்கள் ஓடும்போது, டீ விற்கும் முகமதுவின் குரல் கேட்கும். பிரிட்டனின் பெருமையைப் பாடும் அந்தப் பிரபலமான தேசபக்திப் பாட்டை உருக்கமாக ஆரம்பிப்பார். இரண்டு வரி போவதற்குள் சார்ஜென்ட் மேஜர் எங்கிருந்தோ வாயை மூடு என்று உறுமுவார். டாட்ஸ் ஆர்மியின் கடைசிப் பகுதியில் ஜோன்ஸின் கல்யாண நாள் இரவில், நீங்கள் எல்லாம் எதற்கும் உதவ மாட்டீர்கள் என்று வார்டன் இளித்துவிட்டுப் போன பிறகு, அந்தக் கிழவர்கள் திரும்பி நின்று ஹோம் கார்டுக்காகக் கோப்பையை உயர்த்துவார்கள். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். முகமதுவுக்கு எட்டு வருடமும் பாட்டு முடியவே இல்லை. அந்த உறுமலில் சிரிப்பு அவர் மேல் விழுகிறதா, அந்தப் பாட்டின் மேல் விழுகிறதா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் படுகிறது. போன வாரம் பார்த்தபோது பாட்டின் மேல்தான் விழுந்தது, நன்றாகவே சிரித்தேன்.